லிந்துலையில் பாடாமல் விட்ட பாட்டு

சுற்றிலும் தேயிலை, நடுவில் ஒரு டீக்கடை. அங்கே போய் டீ கேட்டால் பால்மாவைக் கரைத்துத் தருவார்கள் என்று சென்னையில் யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே முதல் வாய் குடித்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து யோகா சிரித்தாள்.

"பால்மா டீ அக்கா. நல்ல கொழுந்தெல்லாம் கப்பல்ல போயிருது. நீங்க பிளேன்டீ குடிங்க, அதுதான் எங்களுக்கும் புடிக்கும்."

பால் சேர்க்காமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வந்தது. அதன் பிறகு ஐந்து நாளும் அதைத்தான் குடித்தேன்.

யோகாவுக்கு இருபத்தாறு வயது. தலவாக்கலையில் ஒரு கொமினிகேஷனில் வேலை. போட்டோகாப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று நம்மூர் ஜெராக்ஸ் கடையின் தங்கை மாதிரி இருக்கும் அந்தக் கடை. வீடு லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அங்கே ஒரு லயம், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள், மின்கசிவில் எரிந்துபோயிருந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்குச் சாமான் சேர்க்க ஹட்டனில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று இரண்டு நிகழ்ச்சிகள் நடத்த வருவீர்களா என்று அவள்தான் எங்களுக்கு எழுதினாள்.

நாங்கள் என்றால் 'ஓட்டை ஸ்பீக்கர்' என்ற மூன்று பேர் குழு. தாமு கிட்டார், ஷெரின் டிரம்ஸ், நான் பேஸ் வாசித்துக்கொண்டே கத்துவேன். ஹார்ட்கோர் பங்க். பாட்டு ஒன்றரை நிமிடம் தாண்டாது, ராகம் தேடினால் கிடைக்காது. மூன்று பேரும் குயர். தாமுவுக்கு ஆண்கள் மீது பிரியம், எனக்குப் பெண்கள் மீது, ஷெரினை ஆண் என்று எழுதிவைத்தது அவள் பிறந்த ஆஸ்பத்திரி செய்த தவறு. வீட்டில் மெதுவாகச் சொல்ல முடியாததை மேடையில் கத்திச் சொல்வதுதான் எங்கள் தொழில். கத்துவதில் வார்த்தை புரியாது என்பதால் பாட்டு வரிகளைத் தாளில் அடித்துக் கையில் கொடுத்துவிடுவோம்.

எங்களிடம் மெதுவான பாட்டு ஒன்றே ஒன்று உண்டு. அது யோகாவுடையது. கொழும்பில் தையல் ஆலையில் வேலை செய்யும் நிம்மியைப் பற்றி அவள் ஒருமுறை குரல்பதிவு அனுப்பியிருந்தாள். அதில் அவள் சொன்னதை அப்படியே வைத்துப் பாட்டாக்கினோம்.

அம்மா, மாப்பிள்ள பாக்காத.
நிம்மி எனக்குக் கூட்டாளி மட்டும் இல்ல.
நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம்.

அவ்வளவுதான் பாட்டு. இதையே திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். இதை மட்டும் நிறுத்தி, புரியும்படி பாடச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஒரு மாதம் பழகினோம். மெதுவாகப் பாடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது ஷெரினுக்குத்தான் தெரியும்.

ஹட்டன் நிகழ்ச்சி ஒரு டியூஷன் கூடத்தில். கீழே ஹனீபா நானாவின் ஹார்ட்வேர் கடை, மேலே கூடம். கரும்பலகையில் முக்கோணங்கள் அழியாமல் இருந்தன. டிக்கெட் கிடையாது, ஆளுக்கு ஒரு சாமான் கொண்டுவர வேண்டும். அரிசி, பருப்பு, டின்மீன், சவர்க்காரம் என்று மூலையில் குவிந்தது. நாற்பது பேர் இருக்கலாம். பொகவந்தலாவையிலிருந்து வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த இரண்டு பையன்கள் கைகோத்தபடி முன்னால் நின்றார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஹனீபா நானா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"பாட்டு முடிஞ்சதா மகள், இல்ல மைக் பழுதாகிட்டுதா?"

கூடமே சிரித்தது. பழுதாகவில்லை என்று தெரிந்ததும் நானா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

யோகாவின் பாட்டைப் பாடும்போது அவள் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் என்னிடம் வந்து, "சனிக்கிழமை தோட்டத்துலயும் இதே மாதிரி பாடுங்க அக்கா. இன்னும் கொஞ்சம் மெதுவா" என்றாள். பிறகு வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், கொத்மலையிலிருந்து ஒரு லொறி டிரைவர் வீட்டார் அடுத்த ஞாயிறு தன்னைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று சொன்னாள். அம்மா சரியென்று சொல்லிவிட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் எங்க சொன்னேன்? பாப்போம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணணும்."

வெள்ளிக்கிழமை சாமான்களோடு தோட்டத்துக்குப் போனோம், திங்கள் வரை தங்க அங்கே வாசகசாலையில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இங்கே எல்லாம் ஓட்டோதான். எங்கள் ஓட்டோக்காரர் சிங்களவர், மலைப்பாதையில் ஒரு கையால் ஓட்டி மறு கையால் எங்களுக்கு நீர்வீழ்ச்சிகளைக் காட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கட்டியிருந்த பேஸ் டிரம் ஒரு கொண்டையூசி வளைவில் கயிறு அறுந்து விழுந்தது. "ஐயோ, மேளம் போகிறது!" என்று அவர் சிங்களத்தில் கத்தியதற்கு யாரும் மொழிபெயர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரம் தார்ச்சாலையைக் கடந்து தேயிலைச் சரிவில் இறங்கி, இரண்டு வரிசை தாண்டி ஒரு செடியில் மாட்டி நின்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள்.

"யாரு வூட்டு கல்யாணத்துக்குங்க இது?" என்று ஒருவர் கேட்டார்.

"கல்யாணம் இல்லக்கா, கச்சேரி" என்றான் தாமு.

"கச்சேரியா? எத்தன மணிக்கு?"

அங்கேயே பத்துப் பேர் எங்களுக்குச் சேர்ந்துவிட்டார்கள். சென்னையில் போஸ்டர் ஒட்டிக் கால் தேய்ந்தாலும் இவ்வளவு சுலபமாக ஆள் வராது.

யோகாவின் அம்மா பாக்கியம் என்னைப் பார்த்ததும் "வாங்க தம்பி" என்றார். அக்கா என்று யோகா திருத்தினாள். என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல தலைய இப்படி வச்சிருந்தா சளி புடிக்காதா?" என்று கம்பளித் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார். சூடான ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார். சம்பலின் உறைப்பில் கண்ணில் நீர் வந்தது. நான் ஐந்து ரொட்டி தின்றேன். ஷெரினின் நகப்பூச்சைத் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் அது எடுபடாது என்று சிரித்தார்.

பிறகு எதிர்பார்த்த கேள்வி வந்தது. "கல்யாணம் ஆயிருச்சா மகள்?"

"இல்லம்மா."

"ஆகும் ஆகும். நேரம் வரணும்."

யோகா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். அப்போதே அவள் பார்வையைப் படித்திருக்க வேண்டும். எனக்கு அந்த ரொட்டிதான் முக்கியமாக இருந்தது.

அன்று மாலை அவள் கடையிலிருந்து பாட்டுத் தாள்களை எடுத்துவந்தாள். அவளே போட்டோகாப்பி எடுத்தது. எழுத்துகள் கல்யாணப் பத்திரிகை மாதிரி பெரிது பெரிதாக இருந்தன. ஏன் இவ்வளவு பெரிய எழுத்து என்று தாமு கேட்டான்.

"கண்ணாடி இல்லாதவங்களும் படிக்கணும்ல" என்றாள். "நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்."

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நிகழ்ச்சிக்கு யாராவது வீட்டாரோடு வருகிறார்கள் என்று தெரிந்தால் நாங்கள் வேறு பாட்டுப் பட்டியலுக்கு மாறிவிடுவோம். அதற்கு 'வீட்டுச் சாப்பாடு' என்று பெயர். காரமில்லாதது. வாடகை, வெயில், மெட்ரோ பள்ளம் பற்றிய பாட்டுகள். அம்பத்தூரில் ஒருமுறை ஒரு பையனின் அண்ணன் தற்செயலாக வந்து நின்று எங்கள் பாட்டைக் கேட்டார். அந்தப் பையனை அதன் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. போனும் இல்லை. அன்று ஏற்படுத்திய பழக்கம் இது. யாரும் எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. ஒரு அம்மா வாசலில் தெரிந்தால் போதும், மார்க்கரை எடுத்துப் பட்டியலில் கோடு போட்டுவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சத்தம் போடுகிறவர்களுக்குப் பொறுப்பும் உண்டு என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தோட்டத்துப் பொது மண்டபம். மாலை ஐந்துக்குள் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது துரையின் கட்டளை. தோட்ட மேனேஜரை இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள். எரிந்த லயத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எங்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாக்கியம்மா கூடைக் கயிறு பதிந்த தழும்பு நெற்றியோடு, வேலைக்குப் போன சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். மத்தியானம் கொழுந்தை நிறுத்துப் போட்டதோடு மலையிலிருந்து இறங்கிவிட்டாராம். அப்படி இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் வேலையாகத்தான் போடுவார்கள். மகள் கெஞ்சியதால் வந்தேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரைப் பார்த்தேன். மார்க்கரை எடுத்தேன். யோகாவின் பாட்டின் மேல் கோடு போட்டேன். தாள்களைக் கட்டோடு பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். தாமு என்னைப் பார்த்து "வீட்டுச் சாப்பாடா?" என்றான். ஆமாம் என்றேன்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் போனது, அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. வெயிலைப் பற்றிய எங்கள் பாட்டைக் குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்டார்கள். மெட்ரோ பள்ளம் என்ன என்று தெரியாமலேயே கைதட்டினார்கள். ஷெரின் அடித்த அடியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பாக்கியம்மா காதில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். யோகா அவர் பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். வேண்டாம் என்று கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். பயப்படாதே என்று கண்ணால் ஜாடை காட்டினேன். கடைசிப் பாட்டு முடிந்து நான் பேஸைக் கழற்றி வைத்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சமைக்க ஓடினார்கள். "ஃபெக்டரில ரோலர் ஓடுற மாதிரியே இருந்துச்சு, ஆனா நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டு பாக்கியம்மாவும் போனார். யோகா மேடைக்கு வந்தாள்.

"அந்தப் பாட்டு?"

"கவலப்படாத, எடுத்துட்டேன்" என்றேன். அவள் என் முதுகில் தட்டிக்கொடுக்கப்போகிறாள் என்பது போல நின்றேன். "அம்மா வந்திருந்தாங்கல்ல."



"அதுக்குத்தானே அக்கா அம்மாவக் கூட்டிட்டு வந்தேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள்தான் உடைத்துச் சொன்னாள். நாலு தரம் அம்மாகிட்ட சொல்லப் போய் நாக்கு எழாமல் திரும்பியிருக்கிறாள். பாட்டு என்றால் யாரும் யாரையும் திட்ட முடியாது என்று யோசித்திருக்கிறாள். "நீங்க மேடையில நின்னு பாடுவீங்க. அம்மாவுக்கு நிம்மி பேரு தெரியும். கேட்டுட்டு என்னையத் திரும்பிப் பாப்பாங்க. அப்ப நான் ஆமான்னு தலையாட்டுனா போதும். என்னால அவ்வளவுதான் முடியும் அக்கா. அதுக்கு மேல முடியாது."

நான் உடனே ஷெரினைக் கூப்பிட்டு மறுபடி ஒயரை மாட்டச் சொன்னேன். யோகா வேண்டாம் என்றாள். சாவிக்காரர் வாசலில் நின்றார். நானே போய் அம்மாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க போய்ப் பேசுனா அது புகார். பாட்டுன்னா வேற. விடுங்க அக்கா, பரவால்ல."

பரவாயில்லை என்ற வார்த்தையை நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் கையில் இருந்தது. தோட்டத்தில் அன்று வேலையில்லை, பாக்கியம்மா வீட்டில்தான் இருந்தார். ஒரு கிட்டாரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தால் எந்தத் துரையும் சாவி கேட்டிருக்க மாட்டார். நாங்கள் நுவரெலியா பார்க்கப் போனோம். ஏரியில் படகு விட்டோம், புளித்த ஸ்ட்ராபெரி வாங்கித் தின்றோம், குதிரையோடு தாமு படம் எடுத்துக்கொண்டான். ஊட்டி மாதிரியே இருக்கிறது என்று நான் மூன்று முறை சொன்னேனாம். அன்று யோகாவுக்கு ஒரு செய்தியாவது அனுப்பியிருக்கலாம். அவள் கோபம் தணியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கோபப்பட்டதாக எனக்கு எந்த அடையாளமும் இல்லை.

கொத்மலைக்காரர்கள் சொன்னபடி அடுத்த ஞாயிறு வந்து பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் சென்னைக்குத் திரும்பிய பிறகு யோகா இதை இரண்டு வரியில் எழுதினாள். அதற்குப் பின் அவள் எழுதவில்லை.

இதோடு கட்டுரையை முடித்துவிடு என்றுதான் தாமு சொன்னான். ஆனால் திங்கட்கிழமை காலையில் நடந்ததை அவனும் ஷெரினும் பார்க்கவில்லை. நானும் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை.

சாமான்களோடு அவர்கள் இருவரும் ஓட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். எனக்கு இடமில்லை. ஹட்டன் பஸ்ஸுக்காகத் தோட்டத்து ரோட்டில் தனியாக நின்றேன். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கையசைத்தார். பாக்கியம்மா. கூடையோடு சரிவில் இறங்கி வந்தார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பார்க்காத தைரியத்தில்.

"சாப்டீங்களா மகள்?"

"ஆச்சும்மா."

அவர் மூச்சு வாங்கினார். "சனிக்கெழம ஒரு பாட்டு பாடாம வுட்டுட்டீங்களாமே. மக நேத்தெல்லாம் சாப்புடல, பேசல, கண்ணு வீங்கிக் கெடக்கு. என்னா பாட்டுங்க அது?"

"அது யோகாவோட பாட்டும்மா" என்றேன். "அவகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டேன். அக்காட்ட போய்க் கேளுன்னு சொன்னா."

பொறுத்துப் பொறுத்து அவள் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தாள். அது மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது. மூன்றே வரி. ஒரு மாதம் பழகிய பாட்டு. மைக் வேண்டாம், தாளம் வேண்டாம், சொன்னாலே போதும். ஆனால் அந்த ஏழெட்டுப் பெண்களும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க அம்மா என்று அவர் கையைப் பிடித்திருக்கலாம். பத்தடி நடந்திருந்தால் போதும். வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. கழுத்து நரம்பு தெறிக்க இத்தனை வருடம் கத்திய தொண்டையில் அன்றைக்கு அந்த மூன்று வரி எழவில்லை. எழுந்தது வேறொன்று.

"தோட்டத்தப் பத்தின பாட்டும்மா."

"தோட்டத்தப் பத்தியா?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் சீக்கிரம் ஏறச் சொன்னார். நான் படியில் கால் வைத்தேன். பாக்கியம்மா கீழே நின்று என் முகத்தையே பார்த்தார். ஏமாற்றப்படுகிறோம் என்று சந்தேகப்படுகிறவரின் பார்வையாக அது இல்லை. என்னை நம்பிக் கேட்டார்.

"அதுக்கா இப்படி அழுவுறா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.